பகா எண்ணும் பகாப்பதமும்

தமிழ்மொழிக் கழகத்தின் ஆண்டிதழில் ஓர் எண்ணைப் பற்றி எழுத வருவது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். கவிதைக்கும் சிறுகதைக்கும் மொழிப்பற்றுக் கட்டுரைக்கும் உரிய பக்கங்களில் கணக்குக்கு என்ன வேலை என்று கேட்கலாம். அந்தக் கேள்வியையே நான் திருப்பிக் கேட்கிறேன். கணக்குக்கு இங்கே ஏன் வேலை இல்லாமற் போனது? எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றிய இனம் என்று மேடைதோறும் சொல்லிக்கொள்கிறோம். நம் கழகங்களின் இதழ்களைப் புரட்டிப் பாருங்கள். ஒரு கண் அகல விழித்திருக்கிறது. மற்றொன்று பல்லாண்டுகளாக மூடியே கிடக்கிறது.

மூடிய கண்ணைத் திறக்க ஒரே ஓர் எண்ணை எடுத்துக்கொள்கிறேன். 2024 அக்டோபர் 21ஆம் நாள் உலகுக்கு அறிவிக்கப்பட்ட எண் அது. 2ஐ 136,279,841 முறை பெருக்கி, வரும் விடையிலிருந்து 1ஐக் கழித்தால் கிடைப்பது. அதற்கு 41,024,320 இலக்கங்கள். நம் கணக்கில் 4 கோடியே 10 இலட்சத்து 24 ஆயிரத்து 320. நொடிக்கு ஓர் இலக்கமாக, இரவு பகல் ஓயாமல் வாய்விட்டுப் படித்தால் முடிக்க 474 நாள்களுக்கு மேல் ஆகும். இதை எழுதும் வரையில், மனிதர் அறிந்த பகா எண்களுள் இதுவே ஆகப் பெரியது.

இந்த எண்ணைத் தொடக்கப்பள்ளித் தமிழிலேயே விளக்கிவிட முடியும் என்பது என் முதல் வாதம். அப்படி விளக்குவது தமிழ்மொழிக் கழகத்தின் கடமை என்பது இரண்டாவது.

சொல்லிலிருந்தே தொடங்குவோம்

1ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும் எண் பகா எண். 2, 3, 5, 7, 11 ஆகியவை பகா எண்கள். 6 அப்படியன்று, அது 2ஆகவும் 3ஆகவும் பகுபடுகிறது. இதை ஆங்கிலத்தில் 'பிரைம்' என்கிறார்கள், மலாயில் 'பெர்டானா'. இரண்டும் முதன்மை என்னும் பொருளைத் தருபவை. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களும் 'முதன்மை எண்' என்றே எழுதுகின்றன. தமிழ்நாட்டிலும் மலேசியத் தமிழ்ப்பள்ளிகளிலும் வழங்கும் 'பகா எண்' என்ற சொல், அந்த எண்ணின் இயல்பையே பெயராகச் சூட்டிவிடுகிறது. பகுக்க முடியாதது, ஆகவே பகா எண். சொல்லைக் கேட்டவுடனேயே வரையறையில் பாதி விளங்கிவிடுகிறது.

தமிழ் இலக்கணம் படித்தவருக்கு இந்தச் சொல் புதிதும் அன்று. பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூலின் பதவியல், சொற்களைப் பகுபதம், பகாப்பதம் என இரண்டாகப் பிரிக்கிறது. 'படித்தான்' என்பது பகுபதம். படி, த், த், ஆன் என்று பகுதி, சந்தி, இடைநிலை, விகுதியாக அதைப் பிரிக்கலாம். 'மண்' என்பது பகாப்பதம். அதை மேலும் பிரித்தால் பொருள் போய்விடும். நாம் தேர்வுக்காக மனனம் செய்த இந்தப் பாகுபாடும், கணிதத்தில் எண்களைப் பகு எண், பகா எண் எனப் பிரிப்பதும் ஒரே சிந்தனைதான். சிக்கலான ஒன்றை எடுத்துக்கொள், அதற்கு மேல் பிரிக்க முடியாத உறுப்புகள் வரும்வரை பிரித்துக்கொண்டே போ என்பதுதான் அது.

60ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் அதை 6 பெருக்கல் 10 என்று பிரிக்கிறார். இன்னொருவர் 4 பெருக்கல் 15 என்கிறார். இருவரும் விடாமல் பகுத்துக்கொண்டே போனால் இறுதியில் வந்து நிற்பது ஒரே இடம்: 2, 2, 3, 5. எந்த வழியில் போனாலும் உறுப்புகள் மாறா. 1ஐ விடப் பெரிய எல்லா முழு எண்ணுக்கும் இது பொருந்தும். எண்கள் என்னும் பெருங்காட்டில் உள்ள அத்தனையும் பகா எண்களால் ஆனவையே என்பதால்தான் கணித அறிஞர்கள் இவற்றின் பின்னால் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அலைகிறார்கள்.

சதுரங்கப் பலகையும் நெல்மணியும்

சதுரங்கத்தைக் கண்டுபிடித்தவர் அரசரிடம் பரிசு கேட்ட கதை நம் அனைவருக்கும் தெரியும். முதல் கட்டத்தில் 1 நெல், அடுத்ததில் 2, அதற்கடுத்ததில் 4, பிறகு 8 என்று இரட்டித்துக்கொண்டே 64 கட்டங்கள். அரசரின் களஞ்சியம் காலியானது என்பதோடு கதையை முடித்துவிடுவோம். ஆனால் அந்தப் பலகையில் கதைக்குள் இன்னொரு கதை இருக்கிறது.

ஒவ்வொரு கட்டம் வரையிலும் சேர்ந்த மொத்த நெல்லைக் கூட்டிப் பாருங்கள். 2 கட்டங்களில் 3. 3 கட்டங்களில் 7. 4 கட்டங்களில் 15. 5 கட்டங்களில் 31. 6 கட்டங்களில் 63. 7 கட்டங்களில் 127. எப்போதும் 2இன் அடுக்கில் 1 குறைவு. இவற்றுள் 3, 7, 31, 127 ஆகியவை பகா எண்கள். 15உம் 63உம் பகுபடுகின்றன.

6 கட்டங்களின் மொத்தம் ஏன் பகுபடுகிறது? அவற்றை மும்மூன்றாகப் பிரியுங்கள். முதல் மூன்று கட்டங்களில் 7 நெல். அடுத்த மூன்று கட்டங்களில் ஒவ்வொன்றிலும் முன்னதைப் போல் 8 மடங்கு. ஆகவே 8 ஏழுகள். மொத்தம் 9 ஏழுகள், அதாவது 63. கட்டங்களின் எண்ணிக்கையைச் சம குழுக்களாகப் பிரிக்க முடிந்தால் நெல்லின் மொத்தத்தையும் பகுத்துவிடலாம். எனவே மொத்தம் பகா எண்ணாக இருக்க வேண்டுமானால், கட்டங்களின் எண்ணிக்கையும் பகா எண்ணாகத்தான் இருந்தாக வேண்டும்.

அப்படி இருந்தால் மட்டும் போதுமா? போதாது. 11 ஒரு பகா எண். ஆனால் 11 கட்டங்களின் மொத்தமாகிய 2047ஐ 23ஆகவும் 89ஆகவும் பகுக்கலாம். 64 கட்டங்களில் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 61 ஆகிய ஒன்பது இடங்களில் நின்றால் மட்டுமே பகா எண் கிடைக்கும். இந்த வகைப் பகா எண்களுக்கு, 1644இல் இவற்றைப் பட்டியலிட்ட மெர்சன் என்ற பிரெஞ்சுத் துறவியின் பெயரை வைத்திருக்கிறார்கள். 31 கட்டங்களின் மொத்தமாகிய 2,147,483,647 பகா எண் என்று 1772இல் நிறுவியவர் ஆய்லர்.

மெர்சனின் பட்டியலிலும் பிழைகள் இருந்தன. அவர் 61ஐ விட்டுவிட்டார், 67ஐச் சேர்த்துவிட்டார். 67 கட்டங்களின் மொத்தம் பகுபடும் என்பதை அதன் காரணிகளோடு காட்டியவர் அமெரிக்கரான பிராங்க் நெல்சன் கோல். 1903இல் கணிதக் கழகக் கூட்டமொன்றில் அவர் கரும்பலகையின் ஒரு பக்கம் 2இன் 67ஆம் அடுக்கைக் கணக்கிட்டு 1ஐக் கழித்தாராம். மறுபக்கம் 193,707,721ஐயும் 761,838,257,287ஐயும் பெருக்கினாராம். இரண்டு விடைகளும் ஒன்றாக வந்தன. ஒரு வார்த்தைகூடப் பேசாமல் போய் உட்கார்ந்துவிட்டார் என்றும், அவையே எழுந்து கைதட்டியது என்றும் சொல்வார்கள். கணிதத்தின் மொழி ஆங்கிலம் என்று அடித்துச் சொல்பவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்வது என் வழக்கம். கோல் அன்று எந்த மொழியில் பேசினார்?

இப்போது நம் பெரிய எண்ணுக்கு வருவோம். 136,279,841 கட்டங்கள் கொண்ட ஒரு பலகையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதில் சேரும் நெல்லின் மொத்தமே அந்த எண். அதன் கடைசி இலக்கத்தைக் கணினியே இல்லாமல் நீங்களே கண்டுபிடிக்கலாம். 2இன் அடுக்குகள் 2, 4, 8, 6 என்ற கடைசி இலக்கங்களில் திரும்பத் திரும்பச் சுற்றி வருகின்றன. 136,279,841ஐ 4ஆல் வகுத்தால் மீதி 1. ஆகவே அந்த அடுக்கு 2இல் முடியும். 1ஐக் கழித்தால் 1இல் முடியும். 4 கோடி இலக்கங்களுக்கு அப்பால் நிற்கும் அந்த ஒற்றை இலக்கம் ஆண்டு 5 மாணவரின் கைக்கு எட்டிவிடுகிறது.

பகா எண் என்று எப்படித் தெரியும்?

ஒவ்வோர் எண்ணாக வகுத்துப் பார்த்தால் பல யுகங்கள் ஆகும். அதற்கு லூக்காசும் லெமரும் வகுத்த ஒரு குறுக்கு வழி உண்டு. 4இல் தொடங்குங்கள். அதன் வர்க்கத்தில் 2ஐக் கழியுங்கள். சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதையே மறுபடியும் செய்யுங்கள். கட்டங்களின் எண்ணிக்கையைவிட இரண்டு குறைவான முறை செய்ததும் மீதி 0 வந்தால் அது பகா எண், வராவிட்டால் இல்லை. 2ஐத் தவிர மற்றப் பகா எண் கட்டங்கள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

31ஐச் சோதிப்போம். அது 5 கட்டங்களின் மொத்தம். ஆகவே மூன்று படிகள். 4இன் வர்க்கம் 16, 2ஐக் கழித்தால் 14. 14இன் வர்க்கம் 196, 2ஐக் கழித்தால் 194. 31ஆல் வகுத்தால் மீதி 8. 8இன் வர்க்கம் 64, 2ஐக் கழித்தால் 62. 31ஆல் வகுத்தால் மீதி 0. ஆகவே 31 பகா எண். 2047ஐ இவ்வாறு சோதித்தால் ஒன்பதாம் படியில் 1736 மிஞ்சுகிறது; எனவே அது பகா எண் அன்று.

பெரிய எண்ணுக்கும் இதே கணக்குதான். படிகள் மட்டும் 13 கோடியே 62 இலட்சத்துக்கு மேல். இத்தேடலுக்காக 1996இல் ஜார்ஜ் வோல்ட்மன் ஒரு கூட்டு முயற்சியைத் தொடங்கினார். உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் தங்கள் கணினிகளின் ஓய்வு நேரத்தை அதற்குத் தருகிறார்கள். 2008இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில், கணிதத் துறையின் ஆய்வுக்கூடக் கணினிகளிலேயே 12,978,189 இலக்கங்கள் கொண்ட பகா எண் அகப்பட்டது. அதற்கு ஒரு இலட்சம் டாலர் பரிசும் கிடைத்தது. 2024இன் எண்ணைக் கண்டவர் லூக் டியூரண்ட் என்னும் அமெரிக்கர். பதினேழு நாடுகளில் இருந்த கணினி மையங்களை வாடகைக்கு அமர்த்தித் தேடினார். டப்ளின் நகரில் இருந்த ஒரு கருவி அக்டோபர் 11ஆம் நாள் அறிகுறி காட்டியது. மறுநாள் டெக்சஸில் இருந்த மற்றொன்று உறுதிசெய்தது.

இதுவரை நான் பயன்படுத்திய சொற்களை எண்ணிப் பாருங்கள். பகா எண், காரணி, அடுக்கு, வர்க்கம், மீதி, இலக்கம். எல்லாம் தமிழ்ப்பள்ளிச் சொற்கள். எதற்கும் அகராதி தேவைப்படவில்லை.

நம்மவர்கள்

கணிதத்தில் தமிழர் என்றதும் இராமானுஜன் பெயரைச் சொல்லிக் கைதட்டிவிட்டு நகர்ந்துவிடுவது நம் வழக்கம். அவர் 1913 ஜனவரியில் சென்னையிலிருந்து ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் பகா எண்களைப் பற்றியும் எழுதியிருந்தார். அத்துறையில் அவர் சொன்ன சில முடிவுகள் சரியல்ல என்று ஹார்டியே பின்னர் எடுத்துரைத்தார். இராமானுஜன் அத்தோடு நின்றுவிடவில்லை. 1ஐ விடப் பெரிய எந்த எண்ணை எடுத்தாலும் அதற்கும் அதன் இரு மடங்குக்கும் இடையில் ஒரு பகா எண்ணாவது இருக்கும் என்ற தேற்றத்துக்கு 1919இல் மிகச் சுருக்கமான நிறுவல் ஒன்றைத் தந்தார். அதிலிருந்து பிறந்தவையே இன்று அவர் பெயரால் வழங்கும் 2, 11, 17, 29, 41 முதலான 'இராமானுஜன் பகா எண்கள்'.

இராமானுஜனை அறிந்த அளவுக்கு நாம் சு. சி. பிள்ளையை அறிவதில்லை. சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை குற்றாலத்துக்கு அருகிலுள்ள வல்லத்தில் 1901இல் பிறந்தவர். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். எந்த முழு எண்ணையும் 73 ஆறாம் அடுக்குகளுக்கு மிகாமல் கூட்டி எழுதலாம் என்று 1940இல் நிறுவியவர். இவர் பெயராலும் பகா எண்கள் உண்டு. அவற்றுள் மிகச் சிறியது 23. 1 முதல் 14 வரை எல்லா எண்களையும் பெருக்கி 1ஐக் கூட்டினால் 87,178,291,201 வரும். அது 23ஆல் மீதியின்றி வகுபடுகிறது. ஆனால் 23ஐ 14ஆல் வகுத்தால் மீதி 1 வருவதில்லை, 9 வருகிறது. எப்போதும் 1தான் மிஞ்சுமோ என்று ஐயுறுவோருக்கு மறுப்பாக நிற்கும் பகா எண்களே 'பிள்ளை பகா எண்கள்'. 1950இல் அமெரிக்காவுக்கு அழைக்கப்பட்டுச் செல்லும் வழியில், ஆகஸ்ட் 31ஆம் நாள் கெய்ரோவுக்கு அருகே நேர்ந்த விமான விபத்தில் அவர் இறந்தார். அனைத்துலகக் கணித மாநாட்டில் அவருக்காக ஓர் இருக்கை காலியாக இருந்தது. நம் இலக்கிய விழாக்களில் எத்தனையோ பெயர்களை நினைவுகூர்கிறோம். இந்தப் பெயரை ஒரு முறையேனும் சொல்லியிருக்கிறோமா?

இளநிலை மாணவர்களுக்காக இன்னொரு செய்தி. ஓர் எண் பகா எண்ணா என்பதை உறுதியாகவும் விரைவாகவும் சொல்லிவிடும் பொதுவழி ஒன்று உண்டா என்ற கேள்வி நெடுங்காலம் விடையின்றிக் கிடந்தது. 2002 ஆகஸ்டில் அதற்கு விடை சொன்னவர்கள் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகிய மூவர். பின்னிருவரும் அவ்வாண்டுதான் இளநிலைப் பட்டப் படிப்பை முடித்தவர்கள். இறுதியாண்டில் நாம் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தால் போதும் என்று பெருமூச்சு விடும் வயதில், அவர்கள் உலகக் கணிதத்தின் பழைய முடிச்சொன்றை அவிழ்த்துவிட்டார்கள். அந்தக் கட்டுரைக்கு 2006இல் கோடல் பரிசு கிடைத்தது.

சோறு போடுமா?

'இதெல்லாம் சரி, இதனால் என்ன பயன்?' என்று கேட்பவர்கள் உண்டு. நேர்மையாகவே விடை சொல்வோம். 41 மில்லியன் இலக்கங்கள் கொண்ட அந்த எண்ணால் இன்று நேரடிப் பயன் ஏதுமில்லை. மறைக்குறியீட்டுக்கு அது உதவுகிறது என்று சிலர் சொல்வது தவறு. அதற்கு அது மிகப் பெரியது, அதுவும் ஊரறிந்த எண். ஆனால் அதன் தம்பிமார் நம் சட்டைப்பையில் இருக்கிறார்கள். 1977இல் ரிவெஸ்ட், ஷமிர், ஏடல்மன் ஆகியோர் வகுத்த முறையில், ஏறத்தாழ 300 இலக்கங்கள் கொண்ட இரண்டு பகா எண்களைப் பெருக்கி ஒரு பூட்டுச் செய்கிறார்கள். பெருக்குவது எளிது, பெருக்கிய விடையிலிருந்து பழைய இரண்டையும் மீட்பது இன்றைய கணினிகளுக்கும் ஆகாத காரியம். ஜுரு சாப்பாட்டுக் கடையில் நாசி கண்டாருக்குக் கைப்பேசியில் பணம் அனுப்பும்போது, வங்கியோடு நடக்கும் அந்தப் பேச்சை இத்தகைய பூட்டுகள்தாம் காக்கின்றன.

பினாங்குக்காரர்களுக்கு இன்னும் நெருக்கமான சான்று ஒன்று உண்டு. இன்டெல் நிறுவனம் தன் முதல் வெளிநாட்டு ஆலையை 1972இல் பினாங்கில் தொடங்கியது. அதன் பிறகு பெருகிய மின்னணுத் தொழிற்சாலைகள் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களுக்குச் சோறு போட்டிருக்கின்றன. ஜுருவிலிருந்தும் பிறையிலிருந்தும் விடியற்காலையில் தொழிற்சாலைப் பேருந்தேறிப் பாலம் தாண்டிப் பாயான் லெப்பாஸ் போனவர்கள் நம் அம்மாக்களும் அக்காமார்களும். 1994இல் அமெரிக்காவின் லிஞ்ச்பர்க் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி, 11உம் 13உம், 17உம் 19உம் போல இரண்டே எண் இடைவெளியில் வரும் இரட்டைப் பகா எண்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். விடைகள் ஒத்துவரவில்லை. தன் கணக்கைத் திரும்பத் திரும்பச் சோதித்தார். இறுதியில், இன்டெலின் பெண்டியம் சில்லே தவறாக வகுக்கிறது என்பதைக் கண்டுபிடித்தார். அந்தச் சில்லுகளை மாற்றிக்கொடுக்க இன்டெல் ஒதுக்கிய தொகை 475 மில்லியன் டாலர். 2016இலும் அந்நிறுவனத்தின் புதிய சில்லொன்றின் குறையை வெளிக்கொணர்ந்தது, மெர்சன் எண்களைத் தேடும் அதே மென்பொருள்தான். 'பயனற்ற' பகா எண் ஆராய்ச்சிதான் உலகமே நம்பியிருந்த சில்லின் பிழையைக் கண்டது. நம் பிள்ளைகள் அந்தச் சில்லுகளை அடுக்கும் வரிசையில் மட்டும் நின்றால் போதுமா? அவை சரியாக வகுக்கின்றனவா என்று கேட்கும் வரிசையிலும் நிற்க வேண்டாமா?

மொழி மாறும்போது நேர்வது

2003இல் நம் நாட்டுப் பள்ளிகளில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறின. தமிழ்ப்பள்ளிகளும் மாறின. அந்தத் திட்டத்தைக் கைவிடும் முடிவு 2009இல் அறிவிக்கப்பட்டு, படிப்படியாகத் தாய்மொழி திரும்பியது. 2016இல் இருமொழிப் பாடத்திட்டம் வந்தது. தமிழ்ப்பள்ளிகள் அதில் சேரலாமா கூடாதா என்று மீண்டும் சூடான வாதங்கள் எழுந்தன. அந்தக் கூட்டங்களில் நான் கேட்ட உரைகளில் பெரும்பாலானவை உரிமையைப் பற்றியவை. உரிமை வேண்டியதுதான். ஆனால் தமிழில் கணிதம் வேண்டும் என்று முழங்குகிற நாம், தமிழில் எத்தனை கணிதக் கட்டுரைகளை எழுதியிருக்கிறோம்? பயன்படுத்தாத உரிமை பூட்டிக் கிடக்கும் வீடு போன்றது. கூரை தானாகவே ஒழுகத் தொடங்கிவிடும்.

ஜுருவில் ஒரு தாமானின் பொது மண்டபத்தில் சனிக்கிழமைகளில் நானும் நண்பர்கள் சிலரும் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறோம். ஆண்டு 5 மாணவன் ஒருவன், 'ஐயா, ஆகக் கடைசிப் பகா எண் எது?' என்று கேட்டான். அப்படி ஒன்று இல்லை என்றேன். நம்பவில்லை. யூக்ளிட் ஈராயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் சொன்னதைத் தமிழில் சொன்னேன். 'உனக்குத் தெரிந்த பகா எண்கள் எல்லாவற்றையும் பெருக்கு. 1ஐக் கூட்டு. இப்போது உன் பட்டியலில் உள்ள எதால் வகுத்தாலும் 1 மிஞ்சும். ஆகவே இந்தப் புதிய எண்ணின் பகாக் காரணி உன் பட்டியலில் இல்லாத ஒன்று.' அவன் 2 முதல் 13 வரையிலான பகா எண்களைப் பெருக்கி 30,031 என்று எழுதினான். 'அப்படியானால் இதுதான் புதிய பகா எண்ணா?' என்றான். இல்லை, அது 59 பெருக்கல் 509. அவை இரண்டும் உன் பட்டியலில் இல்லை, பார் என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'அப்போ முடியவே முடியாது' என்றான். ஒரு தேற்றத்தின் நிறுவலை அவன் தன் மொழியில் பிடித்துவிட்டான்.

அதே வகுப்புக்கு வரும் படிவம் 1 மாணவி ஒருத்தி வேறொரு கேள்வி கேட்டாள். 'பெர்டானா' என்றால் முதலாவது என்றுதானே பொருள், பிறகு 1 ஏன் பெர்டானா இல்லை? நல்ல கேள்வி. இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் அவளுக்குச் சொல் மாறியிருந்தது. பழைய சொல்லோடு புதிய சொல்லை யாரும் கோத்துக் கொடுக்கவில்லை. இரண்டும் ஒன்றே என்று சொல்லி, முன்பு படித்ததை நினைவூட்டினேன். 1ஐப் பகா எண்ணாகக் கொண்டால், 60ஐப் பகுக்கும்போது எத்தனை 1 வேண்டுமானாலும் செருகிக்கொண்டே போகலாம். உறுப்புகள் மாறா என்ற பெருமை போய்விடும். ஒரு நிமிடத்தில் தெளிந்துவிட்டாள். மலாய்ச் சொல் குறையுடையது என்பதன்று என் கருத்து. இரண்டு சொற்களும் தெரிந்த பிள்ளைக்கு ஒரே பொருளைப் பார்க்க இரண்டு சன்னல்கள். ஒரு சன்னலைச் சாத்திவிட்டுத்தான் மற்றொன்றைத் திறக்க வேண்டும் என்று யார் சொன்னது?

தேர்வும் வேலையும் மலாயிலோ ஆங்கிலத்திலோதானே என்ற வாதம் எனக்கும் தெரியும். பல்கலைக்கழகக் கணிதத்தைத் தமிழுக்கு மாற்றுங்கள் என்று நான் கேட்கவில்லை. விரிவுரையில் கேட்டதை ஒரு தம்பிக்கோ தங்கைக்கோ தமிழில் சொல்லிப் பாருங்கள் என்கிறேன். அப்போதுதான் நமக்கே அது எவ்வளவு புரிந்தது என்பது தெரியும்.

கழகத்துக்கு மூன்று கோரிக்கைகள்

முதலாவது, இந்த ஆண்டிதழில் இனி ஒவ்வோர் ஆண்டும் கணிதத்துக்கோ அறிவியலுக்கோ குறைந்தது ஒரு கட்டுரைக்கு இடம் ஒதுக்கப்பட வேண்டும். எழுத ஆள் இல்லை என்று செயலவையினர் சொல்ல வேண்டாம். பொறியியலிலும் கணினியியலிலும் மருத்துவத்திலும் பயிலும் உறுப்பினர்களை நாம் பொங்கல் விழாவில் நாற்காலி அடுக்கவும் கலை இரவில் நுழைவுச்சீட்டு விற்கவும் மட்டுமே அழைத்திருக்கிறோம். எழுத அழைத்துப் பாருங்கள்.

இரண்டாவது, தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் கணிதச் சொற்களைக் கோத்துக் காட்டும் சிறு கையேடு ஒன்று வேண்டும். ஆண்டு 6இலிருந்து படிவம் 1க்குப் போகும் பிள்ளையின் கையில் அது இருக்க வேண்டும். நூறு சொற்கள் போதும். ஒரு விடுமுறையில் முடியும் வேலை.

மூன்றாவது, மாதம் ஒரு சனிக்கிழமை. ஜுரு, சிம்பாங் அம்பாட், புக்கிட் மெர்தாஜாம் வட்டாரங்களில் தோட்டங்கள் போய்த் தாமான்களும் தொழிற்பேட்டைகளும் வந்துவிட்டன. அங்குள்ள பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழக மாணவர் என்றால் தொலைக்காட்சியில் பார்க்கும் ஆள். ஒரு சதுரங்கப் பலகையும் ஒரு படி நெல்லும் எடுத்துக்கொண்டு போங்கள். இரண்டு மணி நேரம் போதும்.

பழைய மாணவர்களுக்கும் ஒரு சொல். விருந்துக்கும் கோப்பைகளுக்கும் நன்கொடை தரும் நீங்கள், அந்தக் கையேட்டை அச்சிடும் செலவையும் ஏற்கலாம்.

2018 டிசம்பரில் கண்ட பகா எண் ஆறு ஆண்டுகள் வரை ஆகப் பெரியதாக இருந்தது. 2024இன் எண்ணையும் ஒருநாள் வேறொன்று முந்தும். பகா எண்களுக்கு முடிவில்லை என்பது நிறுவப்பட்டுவிட்டதால் அதில் ஐயமே இல்லை. அடுத்த எண் அறிவிக்கப்படும் நாளில், அதைத் தமிழில் விளக்கும் கட்டுரை ஒரு மாணவரின் பெயரோடு இந்த இதழில் வரட்டும். சொற்கள் நம்மிடம் இருக்கின்றன. எழுதுகோலை எடுக்க வேண்டியது நாம்தான்.